சேலத்தில் வாராந்திர விளையாட்டு லீக் ஒன்றை நடத்துவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கனடாவின் கால்கரியில் வேலை பார்த்த ஆண்டுகளில் செவ்வாய்தோறும் மாலையில் பனித்தளத்தில் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங்கில், ஒரு பொழுதுபோக்கு லீக்கில் ஆடிப் பழகிவிட்டீர்கள், இப்போது சேலம் திரும்பி அழகாபுரத்தில் குடியிருக்கிறீர்கள், ஏற்காட்டுக் குளிரில் கர்லிங் ஆட வழி உண்டா, இல்லையென்றால் வேறு எந்த ஆட்டத்தை வைத்து அதே போன்ற லீக்கைத் தொடங்கலாம், அட்டவணையை எப்படிப் போடுவது, இறுதி ஆட்டத்தைக் குடும்பங்களோடு ஏற்காட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று நான்கு கேள்விகளை எழுப்பியிருக்கிறீர்கள். நான்கையும் சேர்த்துப் படித்தபோது, அடியில் கிடப்பது ஒரே கேள்வி என்று எனக்குத் தோன்றியது. வேலை, கடை, பிள்ளைகளின் படிப்பு என்று ஓடிக்கொண்டிருக்கும் இருபது இருபத்தைந்து பேரை, வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மூன்று மாத காலம், சலிப்பில்லாமல் ஒரே இடத்துக்கு வரவைப்பது எப்படி என்பதே அது. இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சேலத்தில் பதினோரு ஆண்டுகளாக இரட்டையர் கேரம் லீக் ஒன்றை நடத்தி வருகிறேன்; அதற்கு முன்பு மாவட்ட அளவிலான கேரம் போட்டிகளில் நடுவராக நின்றிருக்கிறேன். பனித்தளத்தில் நான் கால் வைத்ததில்லை. கர்லிங்கை விதிநூல் வழியாகவும் ஒலிம்பிக் ஒளிபரப்பு வழியாகவும் மட்டுமே அறிந்தவன். ஆகவே அந்தப் பகுதியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி இரவுகளில் அங்கே கம்பளி இல்லாமல் உட்கார முடியாது என்பது உண்மைதான். ஆனால் வெப்பநிலை உறைநிலைக்கு அருகில்கூட இறங்குவதில்லை. கர்லிங் தளத்தின் பனிப்பரப்பு ஏறத்தாழ உறைநிலைக்கு 5 டிகிரி கீழே இருக்க வேண்டும். 45 மீட்டருக்கு மேல் நீளமும் 5 மீட்டர் வரை அகலமும் கொண்ட அந்தப் பரப்பின் மேல் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவைத்து, சிறு சிறு புடைப்புகளை உண்டாக்கினால்தான் 20 கிலோவுக்குச் சற்றே குறைந்த அந்தக் கருங்கல் வழுக்கிச் செல்லும். இதற்குக் குளிரூட்டும் இயந்திரமும் ஓயாத மின்சாரமும் வேண்டும். ஒரு பொழுதுபோக்குக் குழு நினைத்துப் பார்க்கக்கூடிய செலவல்ல அது. அடியில் எஃகு உருளைகள் பொருத்திய கற்களை வழவழப்பான உள்ளரங்கத் தரையில் உருட்டி ஆடும் ஒரு வடிவமும் உலகில் உண்டு. பள்ளி அரங்கு ஒன்று கிடைத்து, கற்களை வரவழைக்கவும் பணம் இருந்தால் அதை முயலலாம். ஆனால் முதல் பருவத்திலேயே ஆட்டத்தையும் கற்றுக்கொடுத்து, லீக்கையும் கட்டிக் காப்பது இரட்டைச் சுமை. வருகிறவர்களுக்கு ஏற்கெனவே கை பழகிய ஆட்டம் ஒன்றோடு தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

அதனால்தான் கேரத்தைச் சொல்கிறேன். என் சொந்த ஆட்டம் என்பதால் எனக்குச் சார்பு இருக்கலாம். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் நீங்கள் கர்லிங்கில் எதை விரும்பினீர்களோ, அதில் பெரும்பகுதி கேரத்திலும் இருக்கிறது. வழுக்கும் பரப்பின் மேல் ஒன்றை அனுப்பி மற்றொன்றைத் தள்ளுவது, எதிரியின் காயை நகர்த்தாமல் விட்டு வழியை அடைப்பது, கூட்டாளியின் அடுத்த அடிக்கு இடம் வைத்துக் கொடுப்பது, பரப்பு இன்று வேகமா மந்தமா என்று முதல் சில அடிகளிலேயே படித்துக்கொள்வது ஆகிய எல்லாம் இரண்டுக்கும் பொது. உடல் வலு முடிவைத் தீர்மானிப்பதில்லை; எழுபது வயதுக்காரரும் பத்தொன்பது வயதுப் பெண்ணும் ஒரே பலகையில் சமமாக உட்காரலாம். தவிரவும் இது நம் மண்ணில் வேர்விட்ட ஆட்டம்: சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் சென்னையில்தான் உருவானது, சென்னைக்காரரான மரிய இருதயம் உலகப் பட்டமும் அர்ஜுனா விருதும் பெற்றார், 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா மூன்று தங்கம் வென்றார். காசிமாவின் செய்தி வந்த பிறகு எங்கள் லீக்குக்குப் பெயர் கொடுத்த பெண்கள் ஏழு பேர். அதற்கு முந்தைய ஆண்டில் இரண்டு பேர்தான். பெண்களுக்கென்று தனிப் பிரிவு வைக்காதீர்கள், கலந்தே ஆடவிடுங்கள் என்பதை அழுத்திச் சொல்வேன்.

இனி பருவத்துக்கு வருகிறேன். அட்டவணை போடுவதற்கு முன் பஞ்சாங்கத்தையும் ஊர்த் திருவிழாக்களையும் மேசையில் விரித்து வையுங்கள். எங்கள் முதல் பருவத்தை ஆனி மாதத்தில், பள்ளி திறந்த கையோடு தொடங்கினோம். ஐந்து வாரம் அருமையாக ஓடியது. ஆறாவது வாரம் ஆடித் திருவிழா. கோட்டை மாரியம்மனுக்குப் பண்டிகை என்றால் சேலத்தின் மற்ற மாரியம்மன் கோயில்களிலும் அதே நாட்களில்தான் பண்டிகை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்று மாலை நான் நான்கு பலகைகளையும் துடைத்து, பவுடர் தூவி, காய்களை நடுவில் அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வந்தது மூன்று பேர். குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை. சாமி வேடமிட்டவர்களை ஏற்றிய வண்டிகளைப் பார்க்க ஊரே அங்கே திரண்டிருந்தது, எங்கள் ஆட்டக்காரர் ஒருவரே முருகன் வேடத்தில் வண்டிமேல் நின்றிருந்தார். சரி, அடுத்த வாரம் ஆடிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தேன். அடுத்த வாரம் வேறு நான்கு பேரால் வர முடியவில்லை; அதையும் ஒத்திவைத்தேன். நிலுவை ஆட்டங்கள் பதினொன்று சேர்ந்தபோது, யார் யாரோடு ஆட வேண்டும் என்பது எனக்கே குழம்பிப்போய், அந்தப் பருவம் இறுதி ஆட்டத்தைக் காணாமலே கரைந்தது. திருவிழாவின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த வாரத்தில் ஆட்டம் வைத்தது என் தவறு. அதைவிடப் பெரிய தவறு, ஒத்திவைக்கலாம் என்ற வழக்கத்தைத் தொடங்கியது.

அதன் பிறகு நாங்கள் பொங்கல் முடிந்து தொடங்குகிறோம். தை இரண்டாம் வாரத்திலோ அதை ஒட்டியோ முதல் சுற்று. மார்ச் கடைசிக்குள் இறுதி ஆட்டம். இந்தக் காலத்தில் மழை இல்லை, காற்றில் ஈரம் குறைவு, பலகைகள் வேகமாக இருக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் எங்கள் ஆட்டக்காரர்களுக்குத் தீபாவளி, பொங்கல் கொலுசு ஆர்டர்களின் நெருக்கடி அப்போது தணிந்திருக்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு பெரும்பாலும் மார்ச்சில் தொடங்குவதால், பிள்ளை தேர்வெழுதும் வீட்டுக்காரர்கள் கடைசிச் சுற்றுகளில் வரமாட்டார்கள். அதை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எட்டு அணிகள் என்றால் ஏழு சுற்று, இடையில் ஒரு காலி வாரம், பிறகு அரையிறுதி, இறுதி என மொத்தம் பத்து வாரம் போதும். பதினைந்து வாரத்துக்கு நீட்டிய பருவங்களை நடத்திப் பார்த்திருக்கிறேன்; பத்தாவது வாரத்துக்குப் பிறகு கீழே இருக்கும் அணிகளின் ஆர்வம் வடிந்துவிடுகிறது. இது எங்கள் குழுவில் கண்டது; வேறு குழுவுக்கு இதே அளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பருவம் குறுகியதாக இருந்து யாரும் வருந்தியதில்லை.

நாள் என்று பார்த்தால், ஞாயிறு நல்ல நாள் போலத் தோன்றும். அதில்தான் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாம் வரும். சனிக்கிழமை மாலையில் பட்டறைகளிலும் தறிக்கூடங்களிலும் கூலிப் பட்டுவாடா இருக்கும். நாங்கள் புதன்கிழமை இரவு ஏழரை மணியைப் பிடித்துக்கொண்டோம். எந்தக் கிழமை என்பதைவிட, அது மாறாமல் இருப்பது முக்கியம். நான்கு ஆண்டுகள் கழித்து ஒருவர் என்னிடம், தம் வீட்டில் புதன்கிழமை இரவுக்கு உப்புமாதான் என்பது வழக்கமாகிவிட்டது என்று சொன்னார். வீட்டாரின் சமையல் கணக்குக்குள் லீக் நுழைந்துவிட்டால், பிறகு அதை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

அணி அமைப்பில் என் உறுதியான பரிந்துரை ஒன்று உண்டு. இரட்டையர் ஆட்டமாக இருந்தாலும் ஓர் அணிக்கு மூன்று பேரைச் சேருங்கள். இரும்பாலையில் ஷிப்டு பார்ப்பவருக்கு ஒரு வாரம் இரண்டாம் ஷிப்டு விழும்; கடைக்காரருக்குச் சரக்கு வரும்; ஒருவருக்குக் காய்ச்சல் வரும். மூன்று பேர் இருந்தால் ஒருவர் இல்லாமலும் ஆட்டம் நடக்கும். மூவரும் வந்துவிட்டால் ஒருவர் மதிப்பெண் எழுதுவார். எட்டு அணிக்கு 24 பேர். நண்பர்கள் தாமே அணி சேர்ந்துகொள்ள விட்டால், ஊரில் நன்றாக ஆடும் மூன்று பேர் ஒன்றுகூடி ஏழு சுற்றையும் வென்றுவிடுவார்கள். மற்றவர்கள் மூன்றாம் வாரமே சோர்ந்துபோவார்கள். எனவே இருபத்து நால்வரையும் ஆட்டத் திறன்படி எட்டு எட்டுப் பேராக மூன்று பிரிவாக்கி, பிரிவுக்கு ஒருவர் வீதம் குலுக்கல் முறையில் அணி அமையுங்கள். இந்தப் பிரிவினையை ஒருவரே செய்யக் கூடாது. இரண்டு மூன்று பேர் தனித்தனியே எழுதி ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. மூன்றாம் பிரிவு ஆட்டக்காரர் ஏழில் குறைந்தது நான்கு சுற்றாவது ஆடியாக வேண்டும் என்ற விதியையும் வையுங்கள். இல்லாவிட்டால் அவர் பருவம் முழுவதும் மதிப்பெண் எழுதிக்கொண்டே இருப்பார், அடுத்த ஆண்டு வரமாட்டார்.

அட்டவணை என்பது கணக்கு. அதில் ஐயத்துக்கு இடமில்லை. எட்டு அணிகளும் ஒவ்வொன்றோடும் ஒரு முறை மோதினால் 28 ஆட்டம். நான்கு பலகையில் ஏழு இரவு. முதலாம் அணியை அசைக்காமல் வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் வட்டமாகச் சுழற்ற வேண்டும். மேல் வரிசையில் 1, 2, 3, 4 என்றும், அவற்றுக்கு நேர் கீழே 8, 7, 6, 5 என்றும் எழுதுங்கள்; மேலும் கீழுமாக இருப்பவை முதல் வாரம் மோதும். அடுத்த வாரம் 1 அப்படியே இருக்க, மற்றவை கடிகாரச் சுற்றில் ஓர் இடம் நகரும்: மேலே 1, 8, 2, 3, கீழே 7, 6, 5, 4. அதற்கடுத்த வாரம் மேலே 1, 7, 8, 2. கீழே 6, 5, 4, 3. இப்படியே ஏழு வாரம் நகர்த்தினால் எந்த ஆட்டமும் திரும்ப வராது, எந்த ஆட்டமும் விடுபடாது. ஏழு அணிகள்தான் சேர்ந்தன என்றால் எட்டாவது இடத்தை ‘ஓய்வு’ என்று எழுதிக்கொள்ளுங்கள். அதனோடு ஜோடி சேரும் அணிக்கு அந்த வாரம் விடுமுறை.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது பலகை. மேலே சொன்னபடி அப்படியே போட்டால் முதலாம் அணி எப்போதும் முதல் பலகையிலேயே உட்காரும். 74 சென்டிமீட்டர் சதுரம் என்ற அளவு எல்லாப் பலகைக்கும் ஒன்றுதான் என்றாலும், இரண்டு பலகைகள் ஒரே மாதிரி ஓடுவதில்லை. எங்கள் மூன்றாம் பலகையில் ஒரு மூலைப்பக்கம் லேசான சரிவு உண்டு; மெதுவாக விட்ட காய் கடைசி இரண்டு விரற்கடையில் வலப்பக்கம் ஒதுங்கும். அதில் அடிக்கடி ஆடுகிறவருக்கு அந்த ஒதுக்கம் கையில் ஏறிவிடும், அது நியாயமாகாது. ஏழு வாரத்தில் எந்த அணியும் ஒரே பலகையில் இரண்டு முறைக்கு மேல் ஆடாதபடி எட்டு அணி அட்டவணையை அமைக்க முடியும். பென்சிலும் அழிப்பானும் வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்கார்ந்தால் வந்துவிடும். ஒரு முறை போட்டுவிட்டால் ஆண்டுதோறும் அதையே பயன்படுத்தலாம். அணிப் பெயர்களை மட்டும் மாற்றினால் போதும்.

ஆட்ட விதி பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு கேரம் மாறும். வெள்ளைக்கு 20, கறுப்புக்கு 10, சிவப்புக்கு 50 என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அதிலேயே பாதி எண் வைப்பவர்கள் உண்டு. லீக்குக்கு முறையான விதியையே வையுங்கள்: முதலில் உடைக்கிறவருக்கு வெள்ளை, எதிரணிக்குக் கறுப்பு, தன் காய்கள் ஒன்பதையும் முதலில் போட்ட அணி, எதிரணியின் மிச்சக் காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி பெறும், சிவப்பைப் போட்டு ஃபாலோவும் (சிவப்பை அடுத்துத் தன் காய் ஒன்றும்) போட்டு, அந்தப் போர்டையும் (காய்களை ஒருமுறை அடுக்கி ஆடி முடிப்பது ஒரு போர்டு) வென்ற அணிக்குக் கூடுதலாக மூன்று. அந்த மூன்றும் அணியின் புள்ளி 21 வரை இருக்கும்போதுதான் உண்டு. 22-ஐத் தொட்டுவிட்டால் சிவப்புக்கு மதிப்பில்லை. தன் காய் ஒன்றையாவது போடாமல் சிவப்பைப் போட முடியாது என்பதையும், ஃபாலோ தவறினால் சிவப்பு நடுவட்டத்துக்குத் திரும்பும் என்பதையும், முறை எப்போதும் வலப்பக்கம் இருப்பவருக்குப் போகும் என்பதையும் ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். முதல் இரண்டு வாரம் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டே ஆடுவார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து சண்டை இருக்காது.

முறையான போட்டிகளில் ஒரு கேம் என்பது 25 புள்ளி அல்லது எட்டு போர்டு, எது முன்னதோ அது. மூன்றில் இரண்டு கேம் வென்றவர் வெற்றியாளர். பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களிடம் அதை வைத்தால் இரவு பதினொன்றரை ஆகும். ஒரு கேம் மட்டும் வையுங்கள். ஏழரைக்கு உடைத்தால் எட்டே முக்காலுக்கு மணி அடியுங்கள். மணி அடித்த பிறகு நடந்துகொண்டிருக்கும் போர்டை முடிக்கலாம், புதியதைத் தொடங்கக் கூடாது. கர்லிங் கிளப்புகளிலும் நேரம் முடிந்தபின் புதிய எண்டை, அதாவது ஆட்டத்தின் அடுத்த பகுதியை, தொடங்கவிடாத வழக்கம் உண்டு என்பதால், இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. வென்ற அணிக்கு 2, சமன் என்றால் தலா 1 என லீக் புள்ளி கொடுங்கள்.

சமமான லீக் புள்ளியில் இரண்டு அணிகள் நின்றால் யார் மேலே என்பதை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள். இரண்டாம் பருவத்தில் நான் அதை எழுதவில்லை. ஏழாவது சுற்று முடிந்தபோது நான்காம் இடத்துக்கு இரண்டு அணிகள் தலா 8 புள்ளியில் நின்றன. ஓர் அணி நேர் மோதலில் வென்றிருந்தது, மற்ற அணிக்கு மொத்தப் புள்ளி வித்தியாசம் அதிகம். அரையிறுதிக்கு யார்? கரும்பலகையின் முன்னால் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் சாக்பீசை வாங்கி ஏழு ஆட்டத்தின் கணக்கையும் தம் கையால் மறுபடி எழுதினார். மற்றொருவர் அதை அழித்து வேறு மாதிரி எழுதினார். நான் நேர் மோதலே பெரிது என்று தீர்ப்புச் சொன்னேன். தீர்ப்பு சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அது ஆட்டத்துக்குப் பின் சொன்ன தீர்ப்பு. தோற்ற அணியிலிருந்த மூத்தவர் தம் ஸ்டிரைக்கரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதுவும் பேசாமல் போனார். இரண்டு ஆண்டு வரவில்லை. இப்போது எங்கள் வரிசை இது: முதலில் நேர் மோதல், பிறகு புள்ளி வித்தியாசம், பிறகு வென்ற போர்டுகளின் எண்ணிக்கை. வித்தியாசத்தில் ஓர் ஆட்டத்துக்கு 15-க்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை. வலுவற்ற அணியைப் போட்டு நசுக்குவதால் யாருக்கும் ஆதாயம் வரக் கூடாது.

இப்போது வராதவர்கள் பற்றி. என் பதினோரு ஆண்டு அனுபவத்தையும் ஒரே விதியாகச் சொல்லச் சொன்னால், ஆட்டத்தை ஒத்திவைக்காதீர்கள், ஆளை நிரப்புங்கள் என்பேன். ஆறேழு பேர் கொண்ட மாற்று ஆட்டக்காரர் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் வர முடியாது, அழைத்தால் வருவேன் என்கிறவர்கள் எந்தக் குழுவிலும் இருப்பார்கள். திங்கள் இரவு ஒன்பது மணிக்குள் ஒவ்வொரு அணியும் யார் இருவர் ஆடுகிறார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். போடாத அணியை நான் செவ்வாய் காலையில் தொலைபேசியில் அழைப்பேன். செய்தி அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கமாட்டேன். இந்த அழைப்புகள்தான் நடத்துகிறவரின் உண்மையான வேலை. வாரத்துக்கு அரை மணி நேரம் போகும், அதைத் தவிர்க்க வழியில்லை. மாற்று ஆட்டக்காரர், வராதவரின் பிரிவிலிருந்தோ அதற்குக் கீழ்ப் பிரிவிலிருந்தோதான் வரவேண்டும். அரையிறுதியிலும் இறுதியிலும் மாற்று ஆள் கூடாது. மாற்று ஆளைச் சேர்த்தும் ஆட இருவர் தேறாத அணி, அந்த ஆட்டத்தை 0-8 என்று விட்டுக்கொடுக்கும். ஆனால் வந்திருக்கும் எதிரணியை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். யாரையாவது உட்காரவைத்து நட்பு ஆட்டம் ஒன்றை ஆடவையுங்கள். மழையோ மின்வெட்டோ வந்தால் மட்டும் அந்தக் காலி வாரத்தைப் பயன்படுத்துங்கள்.

பணம் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தலைக்கு 600 ரூபாய் வாங்குகிறோம். 14,400 ரூபாயில் அரங்கு வாடகை, பவுடர், காய், சிற்றுண்டி, சிறிய கோப்பை எல்லாம் அடங்கிவிடுகின்றன. குலுக்கலுக்கு முன்பே முழுத் தொகையையும் வாங்குங்கள், கட்டியவர் வருவார். செலவுக் கணக்கை வாரந்தோறும் குழுவில் போடுங்கள். ரொக்கப் பரிசு வேண்டாம், ஆட்டத்தின் மேல் பந்தயமும் எந்த வடிவிலும் வேண்டாம். நட்புக்காக வந்தவர்கள் முதலில் விலகுவது அதனால்தான். பவுடரில் ஓர் எச்சரிக்கை: கேரம் பவுடர் என்று விற்பது பெரும்பாலும் போரிக் அமிலம். குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். சிற்றுண்டிக்கு முன் எல்லாரும் கை கழுவட்டும். மெல்லிய துணியில் முடிந்து, பலகையின் மேல் லேசாகத் தட்டினால் போதும். அள்ளித் தூவினால் காய் மிதக்கும். மின்விசிறியைப் போட்டதும் மூக்கில் ஏறும்.

கர்லிங்கிலிருந்து நீங்கள் கொண்டுவர வேண்டியது ஒன்று உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். ஓடும் கல்லில் தன் துடைப்பம் பட்டுவிட்டால், பட்டவரே முன்வந்து சொல்வது அங்கே மரபு என்று படித்திருக்கிறேன். நடுவராக நின்ற நான் சொல்கிறேன்: நான்கு பலகைக்கும் நடுவர் வைத்துப் பொழுதுபோக்கு லீக் நடத்த முடியாது. சட்டைக் கை காயில் பட்டதா என்பது அந்தக் கைக்குரியவருக்குத்தான் முதலில் தெரியும். அவரே ‘ஃபவுல்’ என்று சொல்லித் தன் காய் ஒன்றை நடுவில் வைக்கட்டும். முதல் இரவில் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் இதைச் செய்துவிட்டால் மற்றவர்கள் பின்பற்றுவார்கள். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. ஆட்டம் முடிந்ததும் வென்றவர் தோற்றவருக்குக் குடிக்க வாங்கிக் கொடுக்கும் உங்கள் கிளப் வழக்கத்துக்கு, நம் ஊரில் தட்டுவடை செட் இருக்கிறது. வென்ற அணி வாங்க வேண்டும், இரு அணியும் சேர்ந்து நின்று சாப்பிட வேண்டும். காரச் சட்னியும் பீட்ரூட் துருவலும் விரலில் வழிய நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான், சிவப்பை ஏன் அப்போது அடித்தாய் என்ற பேச்சு கோபமில்லாமல் நடக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே வருகிறவர்கள் எங்களில் சிலர்.

திறன் குறைந்த அணிக்கு முன்புள்ளி கொடுத்துத் தொடங்கவைக்கலாமா என்று உங்களைச் சிலர் கேட்பார்கள். இரண்டு பருவம் செய்து பார்த்தேன். ஒன்றில் ஆட்டங்கள் நெருக்கமாயின. மற்றொன்றில் முன்புள்ளி எத்தனை என்பதே பெரிய வாக்குவாதமானது. இதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. குலுக்கல் சரியாக அமைந்தால் இதன் தேவை குறைகிறது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியாக, ஏற்காட்டில் இறுதி ஆட்டம். வைக்கலாம், நாங்கள் மூன்று முறை வைத்திருக்கிறோம், அதில் ஒரு முறை கெட்டுப்போனது. அந்த முறை பலகையை முந்தைய நாள் இரவே மேலே கொண்டுபோய், தங்கிய வீட்டின் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்தோம். இரவெல்லாம் மூடுபனி. காலையில் பலகையைத் தொட்டபோது கன்னத்தைத் தொட்டது போல ஈரம். பவுடர் கட்டிக் கட்டியாக ஒட்டியது, காய் பாதியிலேயே நின்றது, வலுவாக அடித்தவர் வென்றார். ஆகவே மார்ச் கடைசியில், மழை இல்லாத நாளாகப் பார்த்து, காலையில் பலகையைக் கம்பளியில் சுற்றி, வண்டியில் படுக்கையாக வைத்துக் கொண்டுபோங்கள். ஏரிக்கரைத் திறந்தவெளியில் போடாமல், சன்னல் சாத்தக்கூடிய அறைக்குள் போடுங்கள். பதினொரு மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்குள் ஆட்டமும் பரிசளிப்பும் முடியும். பிறகு குடும்பங்கள் ஏரிக்கும் பகோடா முனைக்கும் போய்வரட்டும். கீழிறங்கும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். புதிதாக ஓட்டுகிறவர்களும் உங்களோடு வருவார்கள் என்பதால், ஐந்து மணிக்கெல்லாம் எல்லா வண்டியும் புறப்பட்டாயிற்றா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, நீங்கள் கடைசி வண்டியில் ஏறுங்கள்.